ஓவியக் கூடமும் கச்சேரியும் ஒரே மாலையில்: எங்கே கோட்டை விடுகிறோம்?

முதன்முதலாக இப்படி ஒரு மாலைக்குத் திட்டம் போட்டபோது என் கணக்கு பிரமாதமாக இருந்தது. மூன்று தளங்கள், ஏறக்குறைய நூறு ஓவியங்கள், அதன்பின் ஒன்றரை மணி நேரச் செலோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) கச்சேரி. நூறையும் பார்த்து முடித்தேன். கச்சேரியில் இரண்டாவது உருப்படி தொடங்கியது நினைவிருக்கிறது. அது முடிந்த செய்தியைக் கைதட்டல்தான் என்னை எழுப்பிச் சொன்னது. பக்கத்து இருக்கைக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் நூறில் ஒன்றையாவது கண்ணுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். நீல நிறமாக ஏதோ ஒன்று வந்தது, அவ்வளவுதான். கைபேசியில் மட்டும் அறுபதுக்கு மேல் படங்கள் இருந்தன, பாதி கோணலாக.

அதன்பிறகு பல மாலைகள் போயாகிவிட்டது. சில நன்றாக அமைந்தன, சிலவற்றை நானே கெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் எல்லாப் பிழைகளும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாம் முடிவு செய்கிறோம். கச்சேரியில் அந்த உரிமை வாசிப்பவருக்குப் போய்விடுகிறது. அவர் நிறுத்தினால் நிற்க வேண்டும், ஓடினால் கூடவே ஓட வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனம் மாறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நம் திட்டத்தில் அந்த நேரத்துக்குத்தான் இடமே இருப்பதில்லை.

எல்லாவற்றையும் பார்த்தே தீருவது

இதற்குப் பேராசை என்று பெயர் வைக்க வேண்டாம், கொடுத்த காசுக்கு ஈடுகட்டும் மனக்கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கவனித்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. சராசரி 27 விநாடி. சிலர் நெடுநேரம் நின்றதால் ஏறிய சராசரி அது. பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள் முடிந்துவிட்டன. முகமும் கதையும் உள்ள பழைய ஓவியத்துக்கே இந்தக் கதி என்றால், முகமோ கதையோ இல்லாமல் ஒரு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் நவீன ஓவியத்துக்கு 17 விநாடியில் என்ன கிடைக்கும்? "இதை நானே வரைவேனே" என்ற எண்ணம் கிடைக்கும். அதற்கு ஐந்து விநாடியே போதும்.

உடம்பும் ஒத்துழைக்காது. 'அருங்காட்சியகச் சோர்வு' என்பதைப் பற்றி 1916-லேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் எழுதிவிட்டார். காட்சிப் பொருள்களைச் சரியாகப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே எடுத்துப் போட்டார். இன்றைய கூடங்களில் அவ்வளவு குனிய வேண்டியதில்லை, ஆனாலும் கால் வலிக்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளிக் கொடுக்கும். இரண்டடி நகர்ந்து நிற்பது, மறுபடி இரண்டடி நகர்ந்து நிற்பது என்று போனால் அந்த வேலை சரியாக நடக்காது. ஒரு மணி நேரம் நடந்தவர் புத்துணர்ச்சியோடு இருப்பார். ஒரு மணி நேரம் படம் பார்த்தவர் நாற்காலி தேடுவார். அப்படித் தேடியவர் கச்சேரி நாற்காலியில் உட்கார்ந்தால் தூங்காமல் என்ன செய்வார்?

அதனால் கச்சேரி இருக்கும் நாளில் ஒரே தளம், அதிலும் இரண்டு மூன்று அறைகள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நான் செய்வது இதுதான்: முதலில் எதன் முன்னும் நிற்காமல் அந்த அறைகளை ஒரு சுற்று நடந்துவிடுவேன். எது திரும்பிப் பார்க்க வைத்ததோ அதற்கு மட்டும் திரும்பி வருவேன். அப்படி ஐந்தாறு தேறும். அதில் ஒன்றுக்குப் பத்து நிமிடம். பத்து நிமிடம் என்பது கேட்பதற்குத்தான் பெரிது. முதல் மூன்று நிமிடம் அலுப்பாக இருக்கும், நாலாவது நிமிடத்தில் ஓரத்தில் தூரிகை தடுக்கிய இடம் தெரியும், அப்புறம் நேரம் போவது தெரியாது. எதிரே பெஞ்சு இருந்தால் வெட்கப்படாமல் உட்காருங்கள். சில அருங்காட்சியகங்களில் மடக்கு ஸ்டூல்கூடத் தருவார்கள், கேட்பவர்தான் குறைவு.

நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகம் மாதிரிக் கட்டடம் என்றால் லிஃப்டில் மேலே போய்விட்டுச் சுழல்பாதையில் இறங்கி வருவது நல்லது. 1959-ல் திறந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்த ஃபிராங்க் லாய்ட் ரைட் மனதில் வைத்திருந்ததும் அந்த வழிதான். கீழே கச்சேரி என்றால் பார்த்து முடிக்கும்போது சரியாக அங்கே வந்து நிற்பீர்கள்.

வெளிச்சத்தின் வரிசையை மறப்பது

இதை யாரும் சொல்வதில்லை என்பதால் இரண்டு வரி கூடுதலாகச் சொல்கிறேன். மாலை என்பது வெளிச்சம் மாறிக்கொண்டே போகும் நேரம். கூரைக் கண்ணாடி வழியாகப் பகல் ஒளி விழும் அறைகள் இருந்தால் அவற்றை முதலில் பாருங்கள். ஆறு மணிக்குப் பார்த்த மஞ்சள் ஏழரைக்கு அதே மஞ்சளாக இருக்காது. காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணம், அச்சுப்படம், பழைய புகைப்படம் இருக்கும் அறைகளைக் கடைசிக்கு வையுங்கள். வெளிச்சம் பட்டால் அவை வெளிறிப்போகும் என்பதால் வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான், அதாவது மங்கலாகத்தான் விளக்கு வைப்பார்கள். வெயிலிலிருந்து நேராக அங்கே நுழைந்தால் ஒன்றும் தெரியாது, "ஏன் இப்படி இருட்டாக வைத்திருக்கிறார்கள்" என்ற எரிச்சல்தான் வரும். உள்ளே ஒரு மணி நேரம் இருந்த கண்ணுக்கு அதே வெளிச்சம் தாராளம்.

கடிகாரத்தை நம்புவது

'இரவு 9 வரை' என்று போட்டிருந்தால் 9 வரை ஓவியம் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. மூடுவதற்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்பிருந்தே காவலர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள். கச்சேரி டிக்கெட்டில் காட்சிக்கூட நுழைவு அடங்குமா என்பதை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும், பல இடங்களில் அடங்காது. சிறப்புக் கண்காட்சிக்குத் தனி நேரச்சீட்டு இருக்கும். நிகழ்ச்சி நாளில் எல்லா அறைகளும் திறந்திருக்கும் என்பதும் நிச்சயமில்லை. பெரிய பையை ஒப்படைக்கும் வரிசை, கச்சேரிக்கு அரை மணி முன்புதான் உச்சத்தில் இருக்கும். பை இல்லாமல் வந்தவரே புத்திசாலி.

கடைசி ஓவியத்துக்கும் முதல் ஸ்வரத்துக்கும் நடுவே நாற்பது நிமிடமாவது விடுங்கள். அதில் கடைக்குள் நுழைந்து அஞ்சலட்டை புரட்ட வேண்டாம், அதுவும் படம் பார்க்கும் வேலைதான். தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றும் இல்லாத ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருங்கள். வெளியே தோட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

பொருத்தம் பார்ப்பது

நவீன ஓவியத்தையும் இசையையும் பற்றிக் கொஞ்சம் படித்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நானும் இந்தக் கூட்டத்தில் உண்டு. காதில் இயர்ஃபோன், அதில் ஓவியத்துக்கு ஏற்ற இசை, பிறகு கச்சேரியில் உட்கார்ந்துகொண்டு "இது அந்தச் சிவப்புச் சதுரம், இது அந்த நீலக் கோடு" என்று ஜோடி சேர்க்கும் வேலை.

கோடுகளும் கட்டங்களுமாகவே வரைந்த ஓவியர் மோண்ட்ரியான் இதற்கு நல்ல உதாரணம். 1940-ல் நியூயார்க் வந்தவர், அங்கே கேட்ட பூகி வூகி என்ற துள்ளலான பியானோ இசையில் மயங்கிப்போனார். 1942-43-ல் வரைந்த 'பிராட்வே பூகி வூகி' இன்று அந்த நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரிலேயே இசை இருக்கிறதே என்று அதையே காதில் ஓடவிட்டு அந்தக் கேன்வாஸைப் பார்த்தால் என்ன ஆகிறது? மஞ்சள் கோடுகளில் வரும் சின்னச் சின்னச் சிவப்பு, நீலக் கட்டங்களில் கண் தானாகத் தாவ வேண்டும். எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பது நம் விருப்பம். பியானோக்காரரின் இடது கை அந்த விருப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. படம் பாட்டுக்குப் பின்னணியாகிவிடுகிறது.

ஓவியர் கண்டின்ஸ்கி செய்தது வேறு. 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சிக்கு, ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் உள்ளிட்ட நண்பர்களோடு போனார். அப்போது ஷோன்பெர்க்கை அவருக்கு நேரில் பழக்கமில்லை. கேட்டுவிட்டு வந்தபிறகு பிறந்ததுதான் 'இம்ப்ரெஷன் III (கச்சேரி)'. மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பாக ஒரு பெரிய பியானோ, அதைச் சுற்றிக் கரை உடைத்துக்கொண்டு பாயும் மஞ்சள். கேட்கும்போது கேட்டார், படம் பிறகு வந்தது. அதே மாதம் ஷோன்பெர்க்குக்குக் கடிதமும் எழுதினார், அதிலிருந்துதான் இருவருக்கும் நட்பு.

நமக்கும் இதே வரிசை போதும். மாலையில் பார்த்த ஏதோ ஒன்று, கச்சேரியின் நடுவில் கேட்காமலேயே வந்து நிற்கும். சில சமயம் மறுநாள் பல் துலக்கும்போது வரும். வராமலும் போகலாம். வலிந்து அழைத்தால் மட்டும் வருவதே இல்லை.

எங்கே உட்காருகிறோம் என்று கவனிக்காதது

அருங்காட்சியகம் இசைக்காகக் கட்டியது இல்லை. கான்கிரீட், கண்ணாடி, கல் தரை, உயர்ந்த கூரை. ஒலி எதிலும் அடங்காமல் சுற்றிச் சுற்றி வரும். லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் உள்ள டர்பைன் ஹால் ஒரு காலத்தில் மின்நிலைய இயந்திரங்கள் நின்ற இடம். சுமார் 152 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். அப்படிப்பட்ட இடத்தில் நீண்டு ஒலிக்கும் ஒற்றைக் குரல் தேவலோகம் மாதிரி இருக்கும். வேகமான டிரம்ஸ், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். டிக்கெட் வாங்குமுன் என்ன வாசிக்கிறார்கள் என்பதைப் போலவே எந்தக் கூடத்தில் வாசிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

எதிரொலி அதிகமான கூடத்தில் வாத்தியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோமோ அவ்வளவு தெளிவு. பின்வரிசையில் ஓரமாக நின்றால் வாத்தியத்தைவிடச் சுவர்தான் அதிகம் கேட்கும். மாடிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்ப்பது புகைப்படத்துக்கு அழகு, காதுக்கு அவ்வளவு சிலாக்கியமில்லை. இருக்கை இல்லாத நிகழ்ச்சியா என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் செருப்பையாவது சரியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஓவியங்களுக்கு நடுவிலேயே கச்சேரி நடந்தால்

இது தனி ரகம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1971-ல் திறந்த ரோத்கோ சேப்பல் என்ற வழிபாட்டுக் கூடத்தில், ஓவியர் மார்க் ரோத்கோவின் ஏறக்குறைய கறுப்பாகவே தோன்றும் 14 ஓவியங்கள் சூழ்ந்திருக்கும். அந்த இடத்துக்கென்றே இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் எழுதிய இசை, 1972-ல் அங்கேயே முதலில் ஒலித்தது. மிக மெல்லிய, இடைவெளிகள் நிறைந்த இசை. இப்படிப்பட்ட இடத்தில் எழுந்து நடந்து ஓவியங்களைச் சுற்றிவர நினைப்பதுதான் பெரிய பிழை. உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிவது ஒரு கேன்வாஸோ இரண்டோ. அது போதும். கண் தளர்ந்தால் மூடிக்கொள்ளலாம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். குறட்டை விடாதவரை.

ஓவியர் ராவுஷன்பர்க் 1951-ல் வெறும் வெள்ளைக் கேன்வாஸ்களைத் தீட்டினார். அவற்றைக் கண்ட துணிச்சலில்தான் இசையமைப்பாளர் ஜான் கேஜ், வாத்தியக்காரர் நான்கு நிமிடம் 33 விநாடி எதையும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் தன் படைப்பை 1952-ல் அரங்கேற்றினார். அங்கே கேட்க வேண்டியது கூடத்தின் சத்தத்தைத்தான். மற்றக் கச்சேரிகளில் நம் பையின் ஜிப் சத்தத்தைக் கேட்க யாரும் காசு கொடுக்கவில்லை. கல் தரையில் குதிகால் செருப்பு எவ்வளவு தூரம் கேட்கும் என்பது போட்டிருப்பவருக்கு மட்டும் தெரியாது. உருப்படி முடிந்ததா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், வாசிப்பவரின் கை இறங்கும்வரை கைதட்ட வேண்டாம்.

கூட்டம் சேரும்போது சுவரை மறந்துவிடுகிறோம். முதுகில் தொங்கும் பை, கையில் கோப்பை, பின்னாலேயே நகர்ந்து இடம் விடும் பழக்கம். கச்சேரி ஏதும் இல்லாமலே 2010-ல் மெட்ரோபாலிட்டனில் ஒரு பார்வையாளர் தடுமாறி விழுந்ததில் பிக்காசோவின் 'நடிகன்' ஓவியம் 15 சென்டிமீட்டர் அளவுக்குக் கிழிந்தது. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கோப்பையை ஓவிய அறைக்குள் எடுத்துப்போக வேண்டாம். காவலர் தடுத்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

துணைக்கு வந்தவரை நடத்திச் செல்வது

எல்லாம் தெரிந்தவர் மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் கொடுத்தால், கூட வந்தவர் கச்சேரிக்கு முன்பே களைத்துவிடுவார். பிரிந்து பாருங்கள், இத்தனை மணிக்கு இந்தக் கதவருகில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டு. எதிரும் புதிருமாகப் பேச விஷயம் கிடைக்கும்.

இன்னொன்று. கச்சேரி முடிந்ததும் கூட்டம் முழுவதும் கோட்டும் பையும் வாங்க ஒரே பக்கம் அரக்கப் பரக்க ஓடும். சில அருங்காட்சியகங்களில் அந்த நேரத்திலும் ஓரிரு அறைகள் திறந்திருக்கும். காவலரைக் கேட்டுப் பாருங்கள். திறந்திருந்தால், பத்து நிமிடம் பார்த்தீர்களே, அந்த ஒரு ஓவியத்திடம் மட்டும் போய்வாருங்கள். அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் கோட்டு வரிசையும் குறைந்திருக்கும்.