கார் ஏ.சி. ஆயில்: அளக்காமல் ஊற்றாதீர்கள்

கம்ப்ரசர் ஜாம் ஆகி, ஏ.சி. சிஸ்டம் முழுவதையும் பிரித்து மாட்டும் வேலையில் முதல்முறை இறங்குபவர்கள் குளிரூட்டும் கேஸ் எத்தனை கிராம், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்யூம் எவ்வளவு நேரம் என்று விவரமாகக் கேட்கிறார்கள். ஆயிலைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. பாட்டிலைத் திறந்து தோராயமாக ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் பார்த்த தவறுகள்தான், கொஞ்சமும் மாறாமல் இன்றும் நடக்கின்றன. பைப்பை இறுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தாமாகவே தெரிந்துவிடும். கம்ப்ரசரைக் காவு வாங்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கேஸை மட்டும் பார்த்து ஆயில் வாங்குவது

கேஸ் ஆர்-134ஏ என்றால் பிஏஜி எனும் செயற்கை ஆயில், சரி. ஆனால் பிஏஜியிலேயே 46, 100, 150 என்று பிசுபிசுப்பு மாறும். எது வேண்டும் என்பதைக் கம்ப்ரசர்தான் முடிவு செய்கிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள், அழிந்திருந்தால் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். ஆர்-1234ஒய்எஃப் வண்டிகளுக்கு அந்தக் கேஸுக்கென்றே தயாராகும் ஆயில் தனியாக உண்டு. பழைய ஆர்-12 கேஸ் காலத்து மினரல் ஆயில் ஆர்-134ஏ கேஸில் கரையாது. கேஸோடு சேர்ந்து ஓடி வராமல், காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் தேங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்துபோகும்.

புது கம்ப்ரசரோடு இன்னொரு முழு அளவை ஊற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. எத்தனை பேருக்குச் சொல்லியும் தீராத தவறு இது.

இன்ஜின் ஆயில் இன்ஜினுக்குள்ளேயே இருக்கும். ஏ.சி. ஆயில் அப்படி ஓரிடத்தில் இருக்காது. கேஸோடு சேர்ந்து சிஸ்டம் முழுக்கச் சுற்றும். கொஞ்சம் கம்ப்ரசரில், கொஞ்சம் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரில், கொஞ்சம் கூலிங் காயில், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், ஹோஸ்களில் என்று பரவிக் கிடக்கும். மேனுவலில் 120 மி.லி. என்று போட்டிருந்தால் அது மொத்த சிஸ்டத்துக்கான அளவு. கம்ப்ரசரை மட்டும் கழற்றினால் அதில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது, மீதி வண்டியிலேயே இருக்கிறது.

புது கம்ப்ரசர்கள் பலவற்றில் மொத்த சிஸ்டத்துக்கான ஆயிலையும் ஊற்றியே அனுப்புகிறார்கள். சிலவற்றில் கொஞ்சம்தான் இருக்கும், சில காலியாகவே வரும். திறந்து வடித்துப் பார்க்காமல் இது தெரியாது.

ஒரு பையன் வண்டியைக் கொண்டுவந்தான். கம்ப்ரசர் மாற்றி அதிக நாள் ஆகவில்லை, கூலிங் சுமார்தான். கேஸ் குறைவு என்று நினைத்து மேலும் கேஸ் ஏற்றியிருக்கிறான். பிரஷர் கேஜ் மாட்டினால் ஹை சைடு (அதிக அழுத்தப் பக்கம்) முள் எகிறி நின்றது. கேஸை எடுத்துவிட்டு கம்ப்ரசரைக் கழற்றி, கேஸ் உள்ளே வரும் சக்ஷன் துளை கீழே பார்க்கும்படி கவிழ்த்து, முன்பக்க ஹப்பைக் கையால் சுற்றினோம். அளவு ஜாடி நிறைந்துகொண்டே போனது. கண்டன்சரைச் சாய்த்தால் அதிலிருந்தும் ஒழுகியது. 120 மி.லி. வண்டியில் 200ஐத் தாண்டிவிட்டது. புது கம்ப்ரசரில் வந்தது ஒரு முழு அளவு, அவன் ஊற்றியது இன்னொன்று, காயிலில் இருந்த பழையது வேறு.

ஆயில் அதிகமானால் கண்டன்சர், காயில் குழாய்களின் உட்புறத்தில் படலமாக ஒட்டிக்கொண்டு வெப்பம் கடப்பதைத் தடுக்கும். கூலிங் குறையும், பிரஷர் ஏறும். அதைச் சரிசெய்யப் போய் கேஸைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆயில் திரவமாகவே கம்ப்ரசருக்குள் வந்து புகுந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ரீட் வால்வு உடையும். ஆயில் அதிகமாகிப் போன கம்ப்ரசருக்கு "டூப்ளிகேட் மால்" என்று பழி விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கணக்குப் புத்தகம் எழுதுவதுபோல் வரவு செலவு பாருங்கள். பழைய கம்ப்ரசரை வடித்து அளந்து எழுதுங்கள். 50 மி.லி. வந்தது என்று வைத்துக்கொள்வோம். புதியதையும் முழுக்க வடித்துவிட்டு, அதே வகைப் புது ஆயில் 50 மி.லி. ஊற்றுங்கள். பழையதின் உள்ளே ஒட்டியிருப்பதற்காகச் சிறிது கூடுதலாகச் சேர்க்கச் சொல்லும் மேனுவல்களும் உண்டு. சில கம்ப்ரசர்களில் துளை வழியாக முழுதும் வடியாது, டிரெய்ன் போல்ட்டைக் கழற்ற வேண்டும். கண்டன்சர், காயில், டிரையர் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மேனுவலில் தனித்தனியாக இருக்கும்.

பழைய கம்ப்ரசரிலிருந்து நாலு சொட்டுதான் வந்தது என்றால் இந்தக் கணக்கு செல்லாது. லீக்கில் ஆயிலும் போயிருக்கிறது. எல்லாவற்றையும் உட்புறம் கழுவி ஃப்ளஷ் செய்து, நன்றாக உலர்த்தி, டிரையரைப் புதிதாகப் போட்டு, பூஜ்யத்திலிருந்து தொடங்கி மொத்த அளவையும் ஊற்றுங்கள். உலோகத்தூள் கிளம்பியிருந்தால், நுண்குழாய் உள்ள இக்காலக் கண்டன்சரை ஃப்ளஷ் செய்து காப்பாற்ற முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

திறந்த பாட்டிலை வைத்திருந்து ஊற்றுவது

பிஏஜி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போன ஈரம் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஆயிலில் ஊறிய ஈரத்தை வாக்யூம் போட்டு எடுத்துவிடலாம் என்று நம்பாதீர்கள். எப்போது திறந்தது என்று தெரியாத பாட்டில் குப்பைக்கு. டிரையரின் மூடியைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும்.

லீக் டை

லீக்கைக் கண்டுபிடிக்க ஊற்றும் இந்தச் சாயத்திலும் ஆயில் உண்டு, கணக்கில் சேர்க்கவும்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் பிஏஜி

கூடவே கூடாது. அவற்றின் மின் கம்ப்ரசர்களில் மோட்டார் சுருள் கேஸிலும் ஆயிலிலும் நனைந்தபடிதான் ஓடுகிறது, அதனால் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ எனும் வேறு வகை ஆயில்தான். பிஏஜி சிறிதளவு கலந்தாலே இன்சுலேஷன் குறைந்து, வண்டி ஹை வோல்டேஜ் கசிவு என்று கோளாறு காட்டும். வேறு வண்டிக்குப் பயன்படுத்திய சார்ஜிங் ஹோஸில் ஒட்டியிருக்கும் பிஏஜிகூடப் போதும்.

நேராக ஸ்டார்ட் செய்வது

ஊற்றிய ஆயில் சிலிண்டருக்குள் தேங்கி நிற்கும்போது கம்ப்ரசரின் கிளட்ச் பிடித்தால் வால்வு முறியலாம். பெல்ட் போடும் முன் கம்ப்ரசர் ஹப்பைக் கையால் பத்துச் சுற்றாவது சுற்றுங்கள். முதலில் தடுக்கும், பிறகு இளகி வரும். கேஸ் நிரப்பிய பிறகு முதல் சில நிமிடங்கள் இன்ஜினை ஐடிலிங்கிலேயே ஓடவிடுங்கள், ஆயில் ஒரு சுற்று போய் வரட்டும்.