வாஷிங் மெஷினைக் கழித்துக் கட்டும் முன்

மெஷின் நின்றுபோன அன்றைக்கே "பத்து வருஷம் உழைச்சிடுச்சு, போதும்" என்று புதுசுக்கு விலை பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். இதுதான் முதல் தவறு. போனது எந்தப் பாகம் என்று தெரியாமல், ரிப்பேரா புதுசா என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

எங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோடு மெஷின் ஒருநாள் டிரம்மில் தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டது. பம்ப் போச்சு என்றே முடிவு கட்டியிருந்தோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ் மூலையில் உள்ள சின்ன மூடியைத் திறந்து, தண்ணீரை வடியவிட்டு ஃபில்டரைக் கழற்றினால் ஒரு ஹேர்பின், அதில் சுற்றிக்கொண்ட நூல், ஒரு நாணயம். கழுவி மாட்டியதும் ஓடியது. (வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிட்டுத் திறங்கள்.) ஸ்பின் ஆகவில்லை என்று வரும் புகாரும் பல நேரம் இங்கேயே தீர்ந்துவிடும், தண்ணீர் வெளியேறாவிட்டால் ஸ்பின்னும் ஆகாது. தண்ணீர் ஏறவில்லையா, குழாய் மாட்டும் இடத்தில் இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள். பெல்ட், கதவு லாக், கார்பன் பிரஷ் எல்லாம் தேய்ந்தால் மாற்றக்கூடிய சின்ன சாமான்கள். இவற்றுக்காக மெஷினைத் தூக்கிப்போட வேண்டாம்.

டிரம் வழுக்கிச் சுழல உதவும் பேரிங்கின் கதை வேறு. ஸ்பின்னில் விமானம் கிளம்புவது போல இரைகிறதா? கரண்ட்டைத் துண்டித்து, காலி டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். பேரிங் போயிருந்தால் கரகரவென்று இருக்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் டிரம்மைச் சுற்றியுள்ள வெளித்தொட்டி அசையாமல் டிரம் மட்டும் தனியாக ஆடும். இந்தச் சத்தத்தைச் சகித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவது பெரிய தவறு. பெரும்பாலும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் கசிந்து தண்ணீர் புகுந்துதான் பேரிங் துருப்பிடிக்கிறது. ஓட்ட ஓட்ட டிரம்மின் அச்சான ஷாஃப்ட்டும் தேயும், செலவும் ஏறும். சில மாடல்களில் வெளித்தொட்டி பிரிக்கவே முடியாதபடி ஒட்டி வரும். அப்போது பேரிங்குக்காகத் தொட்டியையே வாங்க வேண்டியிருக்கும். மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் "போர்டு போச்சு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். ஏன் போனது? எலி கடித்த வயரோ, மேலிருந்து கசிந்த தண்ணீரோ காரணமாக இருந்தால், அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புது போர்டும் நிலைக்காது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருட வாரண்டி என்று எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்தான். கார்டை ஒருமுறை படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரிப்பேர் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம் என்பார்கள். நல்ல கணக்குதான். ஆனால் கூலியை விட்டுவிட்டுப் பாகத்தின் விலையை மட்டும் வைத்துப் பார்க்கிறோம். அல்லது கடையிலேயே மலிவான சின்ன மெஷினோடு ஒப்பிடுகிறோம். இதே கொள்ளளவுள்ள மெஷினோடு ஒப்பிடுங்கள். "போன மாசம்தானே இவ்வளவு செலவழிச்சோம்" என்ற நினைப்பையும் விடுங்கள். அந்தப் பணம் போனதுதான். இனி ஆகப்போகும் செலவு மட்டுமே கணக்கு.

டிரம்மைப் பின்னால் தாங்கும் ஸ்பைடர் என்ற உலோகச் சட்டம் அரித்து உடைந்திருந்தாலோ, உதிரிபாகமே கிடைக்காவிட்டாலோ, தயங்காமல் புதுசு வாங்கலாம். ஃப்ரண்ட் லோடு வாங்கினால், கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் பிடித்துவைக்கப் பின்பக்கம் போட்டிருக்கும் டிரான்ஸிட் போல்ட்டுகளைக் கழற்றாமல் முதல் துவையலைப் போட்டுவிடாதீர்கள். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள், வீடு மாறும்போது வேண்டியிருக்கும்.