பல் சீழும் பயமும்: சிகிச்சைக்குக் காத்திருக்கும்போது

பல்லின் வேரில் சீழ் கட்டி, மருத்துவரைப் பார்க்க இன்னும் ஓரிரு நாள் இருக்கும்போது, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து வாய் கொப்பளிப்பதும், இரவில் தலையைச் சற்று உயர்த்திப் படுப்பதும் வலியை ஓரளவு தணிக்கும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அழுத்துவோர் உண்டு. அது ஈறைப் புண்ணாக்கிவிடும். ஆன்டிபயாடிக்கால் வீக்கம் வடிந்தாலும், கிருமி பல்லுக்குள் தங்கியிருக்கும் என்பதால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பயம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லி, கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம்; சீழ் உள்ள இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு, ஆகவே வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ, குறித்த நாள்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.