பிசினஸ் மாடல் கான்வாஸ்: தவறு கட்டங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது

தொழில் தொடங்கும் பயிற்சி வகுப்புகளில் அதிகம் கொடுக்கப்படும் தாள்களில் ஒன்று பிசினஸ் மாடல் கான்வாஸ். ஒரு தொழில் யாருக்கு, எப்படி விற்று, எப்படிச் சம்பாதிக்கும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும் தாள் அது. லோசான் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஓஸ்டர்வால்டர் 2004இல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது இது. மொத்தம் ஒன்பது கட்டங்கள். வலப்பக்கம் வாடிக்கையாளர் சங்கதிகள், இடப்பக்கம் நாம் செய்ய வேண்டிய வேலைகள், அடியில் செலவும் வரவும். அரை மணி நேரத்தில் நிரப்பிவிடலாம் என்பதுதான் அதன் ஆபத்து.

பெரிய தவறு, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிக் கேள்வியாக நினைத்துப் பதில் எழுதுவது. இட்லி மாவு பாக்கெட் தொழிலையே எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கட்டத்தில் பலர் ‘எல்லாரும்’ என்று எழுதுவார்கள். ஆனால் மளிகைக் கடையில் ஒரு கிலோ வாங்கும் வீடு வேறு, விடியற்காலையில் வாளிக் கணக்கில் மாவு கேட்கும் டிபன் கடை வேறு. டிபன் கடைக்காரர் விலையைக் குறைக்கச் சொல்வார், கடன் சொல்வார். வீட்டுக்குப் போகும் பாக்கெட்டில் மளிகைக் கடைக்காரருக்குக் கமிஷன் உண்டு. விற்காமல் புளித்துப்போனால் ரிட்டர்ன் வரும். விற்பனை வழி என்ற கட்டத்தில் ‘மளிகைக் கடை’ என்று எழுதிய அடுத்த நிமிடமே செலவுக் கட்டத்தில் கமிஷனும் ரிட்டர்னும் ஏறியிருக்க வேண்டும். பெரும்பாலான தாள்களில் அரிசி, உளுந்து, கரண்ட் பில்லோடு செலவு முடிந்துவிடுகிறது.

இதற்கு எளிய வழி, வீட்டுக்கு மஞ்சள், டிபன் கடைக்குப் பச்சை என்று ஸ்டிக்கி நோட்டை நிறம் பிரித்து ஒட்டுவது. வரவுக் கட்டத்தில் பச்சை இருந்து விற்பனை வழியில் பச்சை இல்லையென்றால், அந்த மாவைக் கடைக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை.

அப்புறம், நடுக்கட்டம். வாடிக்கையாளர் ஏன் நம்மிடம் வாங்க வேண்டும் என்று எழுதும் இடம் அது. ‘தரமான மாவு’ என்று எழுதாதீர்கள். பக்கத்துக் கடைக்காரரும் அதையேதான் எழுதுவார். ‘இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர் ஊறப்போட்டு அரைக்காமலே காலையில் இட்லி ஊற்றலாம்’ என்று எழுதினால், மாவு எத்தனை மணிக்குள் கடையில் இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இன்றைக்கு நடப்பதையும் அடுத்த வருடம் செய்ய நினைப்பதையும் ஒரே தாளில் கலக்க வேண்டாம். இரண்டு தாள் போடுங்கள், தேதியும் போடுங்கள். போட்டியாளருக்கு இதில் கட்டமே கிடையாது, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். வாடிக்கையாளரின் பிரச்சினை என்னவென்றே இன்னும் பிடிபடவில்லை என்றால், ஆஷ் மௌர்யா என்ற தொழில்முனைவோர் இதே தாளை மாற்றி உருவாக்கிய லீன் கான்வாஸ் பொருந்தும். அதில் கூட்டாளிகள், முக்கிய வேலைகள் என்ற கட்டங்களுக்குப் பதிலாகப் பிரச்சினை, தீர்வு என்ற கட்டங்கள் இருக்கும்.

கடைசியாக, நிரப்பிய தாளில் இருப்பதில் பாதிக்கு மேல் ஊகம்தான். உறுதியாகத் தெரியாத ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அதில் எது பொய்யானால் தொழிலே படுத்துவிடுமோ, அதை முதலில் விசாரியுங்கள். மாவுத் தொழிலில் அது ரிட்டர்ன்தான். நான்கு மளிகைக் கடைகளுக்குப் போய், விற்காத பாக்கெட்டை இப்போது யார் தலையில் கட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து செலவுக் கட்டத்தைத் திருத்துங்கள்.