டர்போ காருக்கு ஸ்பார்க் பிளக் வாங்கும்போது அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன். ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தி கூட்டுவது) செய்த பிறகு சுமார் 190. போன வருடம் பிளக் மாற்றிய மறுநாளே ஊட்டிக்குக் கிளம்பினேன். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு ஏற்றத்தில், மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. இழுவை இல்லை, குலுங்குகிறது, என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மினுங்குகிறது. காலை லேசாக எடுத்தால் சரியாகிவிடும். சமவெளியில் ஒரு தொல்லையும் இல்லை. ஐடிலிங்கும் சீராக இருந்தது.

மூன்று வாரம் அலைந்தேன். காயிலை (பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் பாகம்) சிலிண்டர் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன், டர்போ குழாய்களில் காற்று கசிகிறதா என்று தேடினேன். கடைசியில் காரணம், புதுப் பிளக் டப்பாவில் எழுதியிருந்த ‘11’ என்ற எண். அதைப் படிக்கத் தெரியாமல் வாங்கியிருந்தேன். நீங்கள் அப்படி அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிளக்கைக் கழற்ற, பானெட் திறக்கத் தெரிந்தவர்களுக்கு இது. காயில் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் வண்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: கம்பெனி போட்ட எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கையேட்டில் இருக்கும், இல்லையென்றால் பிளக் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். என்ஜினில் இப்போது இருக்கும் பிளக்கின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்டியில் முன்பிருந்தவர் எதைப் போட்டாரோ, யார் கண்டது? என் வண்டியின் என்ஜினுக்கு உரியது என்.ஜி.கே. கம்பெனியின் பிஎஃப்ஆர்6க்யூ, பிளாட்டினம் வகை. அந்த எண்தான் தொடக்கம். வேறு எது வாங்கினாலும் இதிலிருந்து எவ்வளவு விலகுகிறோம் என்று தெரிந்துதான் விலக வேண்டும்.

படி 2: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நான் முதலில் வாங்கியது பிகேஆர்6இஐஎக்ஸ்-11. கடையில் வண்டிப் பெயரைச் சொன்னேன், ‘இரிடியம், நல்ல ஐட்டம்’ என்று எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பிரித்துப் பார்ப்போம்.

‘பிகே’ என்றால் மரை 14 மி.மீ., ஸ்பேனர் பிடிக்கும் இடம் 16 மி.மீ. ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. அது இல்லாத பிளக்கை இன்றைய வண்டியில் போடாதீர்கள், மின் இரைச்சல் கிளம்பி கம்ப்யூட்டரைக் குழப்பும். ‘6’ வெப்ப எண், அதைப் படி 4இல் பார்ப்போம். ‘இ’ என்பது மரையின் நீளம், 19 மி.மீ. இதில் தவறினால் பிஸ்டனே போய்விடும். நீளம் கூடினால் பிளக்கின் நுனி பிஸ்டனில் இடிக்கும். ‘ஐஎக்ஸ்’ இரிடியம். கடைசியில் கோடு போட்டு இருக்கும் ‘11’, பிளக் இடைவெளி 1.1 மி.மீ. என்று சொல்கிறது.

மரை, நீளம், வெப்ப எண் எல்லாமே என் என்ஜினுக்குப் பொருத்தம். அந்த 11 மட்டும் பொருந்தவில்லை.

படி 3: இடைவெளி (இங்கேதான் நான் மாட்டினேன்)

நடு எலெக்ட்ரோடுக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் எலெக்ட்ரோடுக்கும் நடுவில் உள்ள வெளியைத் தாண்டித்தான் பொறி பாய வேண்டும். டர்போ இல்லாத பல கார்களில் 1.0, 1.1 மி.மீ. இடைவெளி இருக்கும். அங்கே அதுதான் நல்லது, பொறி பெரிதாக இருக்கும்.

டர்போ வண்டியில் கதை மாறுகிறது. பூஸ்ட், அதாவது டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம், 1 பார் என்றால் சாதாரண என்ஜினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று சிலிண்டருக்குள் திணிக்கப்படுகிறது. அதைப் பிஸ்டன் மேலும் அழுத்துகிறது. காற்று எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு அதிக வோல்ட்டேஜ் இருந்தால்தான் பொறி அதைத் துளைக்கும். இடைவெளியும் பெரிதாக இருந்தால் காயில் தரக்கூடிய வோல்ட்டேஜ் போதாது. பொறி பாயாது, அல்லது பீங்கான் வழியாக வேறு பக்கம் கசிந்துவிடும். பூஸ்ட் காற்று பொறியை ‘ஊதி அணைத்துவிடுகிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். பெரும்பாலும் அது அணைவதில்லை, பிறப்பதே இல்லை.

இப்போது பர்லியாறு புரிகிறதா? ஐடிலிங்கில் பூஸ்ட் இல்லை, அதனால் 1.1 மி.மீ.யையும் காயில் சமாளித்தது. ஏற்றத்தில் அழுத்தியதும் முழு பூஸ்ட், உடனே மிஸ்ஸிங். உங்கள் வண்டியும் மெதுவாக ஓட்டும்போது சரியாக இருந்து, அழுத்தும்போது மட்டும் குலுங்கினால், வேறு எதையும் வாங்கும் முன் பிளக்கைக் கழற்றி இடைவெளியை அளந்து பாருங்கள். என்ஜின் விளக்கு மினுங்கும்போது தொடர்ந்து அழுத்தாதீர்கள். எரியாத பெட்ரோல், புகைக் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும்.

எவ்வளவு வைப்பது? கம்பெனி சொன்ன அளவுதான் முதல் விதி. பல டர்போ என்ஜின்களில் அது 0.7, 0.8 மி.மீ. அளவில் இருக்கும். என் என்ஜினுக்கு 0.8. ரீமேப் செய்து பூஸ்ட் கூட்டியிருப்பதால் 0.7 வைத்திருக்கிறேன். ரொம்பவும் குறைத்தால் பொறி சின்னதாகி ஐடிலிங் கெடும்.

அளக்க, வட்டக் கம்பிகள் உள்ள ஒயர் கேஜ் வாங்குங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் நாணயம் போன்ற கேஜை நான் வீட்டில் வைத்துக்கொள்வதே இல்லை. அதை நெம்பினால் இரிடியம் நுனி உடையும். என்.ஜி.கே. இரிடியம் ஐஎக்ஸில் அந்த நுனி 0.6 மி.மீ. தடிமன்தான், டென்சோ இரிடியம் பவரில் 0.4. வளைக்க வேண்டியது வெளி எலெக்ட்ரோடை மட்டுமே, அதுவும் 0.2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். 1.1ஐ 0.7 ஆக்கப் பார்க்காதீர்கள். சரியான இடைவெளியோடு வரும் பிளக்கை வாங்குங்கள்.

படி 4: வெப்ப எண்

‘டர்போவா? கோல்டு பிளக் போடு’ என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோல்டு பிளக் என்றால் தன் நுனியில் ஏறும் சூட்டைச் சிலிண்டர் தலைக்கு வேகமாகக் கடத்துவது. என்.ஜி.கே.யில் எண் கூடினால் கோல்டு. நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கார்பன் எரிந்துபோகும். 850 டிகிரியை ஒட்டிப் போனால் நுனியே தணலாகி, பொறி வரும் முன் பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஓர் எண் மாற்றினால் நுனியின் சூடு 70 முதல் 100 டிகிரி மாறும் என்பது என்.ஜி.கே. கணக்கு. கூடுதலாக 75 முதல் 100 குதிரைத்திறன் ஏற்றினால் ஓர் எண் கோல்டாகப் போகலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

நான் ஏற்றியது நாற்பதுதான். இருந்தும் ஊர்ப் பேச்சைக் கேட்டு 7ஆம் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கோவைக்குள் தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸ் போய்வரும் ஓட்டத்தில் அது சூடாகவே இல்லை. இரண்டு மாதத்தில் நுனி கரிக்கட்டை, காலையில் ஸ்டார்ட் ஆக இரண்டு மூன்று முறை சுற்ற வேண்டியிருந்தது. 6க்குத் திரும்பினேன். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர், பெரிய டர்போ மாற்றியவர் 7க்குப் போகட்டும். கம்பெனி நிலையில் இருக்கும் வண்டிக்கு கம்பெனி எண்ணே போதும். ஆனால் அதைவிட ஹாட்டான பிளக் மட்டும் டர்போவில் கூடவே கூடாது.

படி 5: எந்த உலோகம்

காப்பர் பிளக் என்பதில் காப்பர் உள்ளே இருக்கிறது. நுனி நிக்கல் கலவை. விலை குறைவு, சீக்கிரம் தேயும், தேயத் தேய இடைவெளி விரியும். பிளாட்டினமும் இரிடியமும் நீண்ட நாள் உழைக்கும். மெல்லிய இரிடியம் நுனியில் குறைந்த வோல்ட்டேஜிலேயே பொறி பாயும்.

ரீமேப் செய்த என் பழைய வண்டிக்கு நான் போடுவது நிக்கல் நுனி பிகேஆர்6இ. 0.8 இடைவெளியோடு வரும், 0.7க்கு எளிதாக வளைக்கலாம், 15,000 கிலோமீட்டரில் யோசிக்காமல் மாற்றிவிடலாம். இதிலும் ‘-11’ போட்ட ஒன்று கடையில் இருக்கும், கவனம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிப்பது) உள்ள புது டர்போ கார் என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். கையேட்டில் உள்ள அதே எண்ணை, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். போலி இரிடியம் சந்தையில் உண்டு, பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

படி 6: மாட்டுவது

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். காயிலை எடுத்ததும் குழிக்குள் ஏர் அடித்து மண்ணை வெளியேற்றுங்கள், பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். புதுப் பிளக்கின் தலையில் ஒரு சாண் பெட்ரோல் ரப்பர் ஹோஸைச் செருகி, அதைப் பிடித்துத் திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிவிடும், அலுமினிய மரை தப்பிக்கும். கடைசி இறுக்கத்துக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் அவசியம். என் என்ஜினுக்கு 30 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். தடவினால் ரெஞ்ச் காட்டுவதைவிட உண்மையில் அதிகம் இறுகிவிடும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. உலர்ந்த கறுப்பு என்றால் எண் கோல்டாகிவிட்டது, இல்லை பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்துக் கொப்பளம் போல இருந்தால் வண்டியை அதற்குமேல் அழுத்தாமல் காரணத்தைத் தேடுங்கள்.

சேர்த்தது: ஒரு வாசகர் என்.ஜி.கே. 6க்குப் பதில் பாஷில் 6 வாங்கிவிட்டார். பாஷில் எண் தலைகீழாகப் போகும், எண் கூடினால் ஹாட். என்.ஜி.கே. 6க்கு அங்கே ஏறக்குறைய 7. டென்சோவில் அதுவே 20, டென்சோ என்.ஜி.கே. போலவே எண் கூடினால் கோல்டு.

மறுபடி சேர்த்தது: டர்போ டீசல் வைத்திருக்கும் மூன்று பேர் எந்த பிளக் என்று கேட்டிருந்தீர்கள். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அங்கே இருப்பது குளோ பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர். அதை வாங்கும்போது வோல்ட் அளவு உங்கள் வண்டிக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இங்கே எழுதிய இடைவெளிக் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.