வலி மாத்திரையை விழுங்கும் முன் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்: படிப்படியான விளக்கம்

அப்பாவுக்குச் சளியும் காய்ச்சலும் வந்திருந்த நாளில், அவர் தலைமாட்டில் மூன்று மாத்திரை அட்டைகள் கிடந்தன. ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று சளிக்கு, மூன்றாவது முதுகு வலிக்காக எப்போதோ மருத்துவர் எழுதிக்கொடுத்தது. மூன்றையும் திருப்பிப் பார்த்தேன். மூன்றிலும் பாராசிட்டமால் இருந்தது. அவர் கேட்டதெல்லாம், “வேற வேற மாத்திரைதானே?” என்பதுதான். இந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள்

மாத்திரை, சிரப், கரைத்துக் குடிக்கும் பொடி என வீட்டில் வலிக்கும் காய்ச்சலுக்கும் சளிக்கும் இருக்கும் எல்லாம் வெளியே வரட்டும். பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதை விட்டுவிடுங்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் இருக்கும். அதைத்தான் ஒரு தாளில் எழுத வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த மாத்திரை என்றால் ‘அசிட்டமினோஃபென்’ என்று இருக்கும். அதுவும் பாராசிட்டமாலேதான்.

அட்டையிலிருந்து ஒன்றிரண்டு மாத்திரைகளைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் போய்விடுவதுண்டு. எப்போதும் எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். பெயர் தெரியாத துண்டு அட்டை இருந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

படி 2: கூட்டிப் பாருங்கள்

அப்பாவின் கணக்கு இது. காய்ச்சல் மாத்திரை 650 மில்லிகிராம், மூன்று வேளை: 1950. சளி மாத்திரையில் 500, மூன்று வேளை: 1500. முதுகு வலி மாத்திரையில் 325, இரண்டு வேளை: 650. மொத்தம் 4100. ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியும் வேண்டும். உடல் எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு வரம்பு இன்னும் குறைவு. அதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளுடாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் முறித்துவிடும். அளவு மீறும்போது குளுடாதயோன் கையிருப்பு தீர்ந்து, கல்லீரல் செல்கள் அழியத் தொடங்குகின்றன. அளவோடு எடுத்தால் மிகப் பாதுகாப்பான மருந்து என்பதால்தான் இதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

குழந்தைகளுக்கு எடையை வைத்தே அளவு. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. புட்டி மாறினால் அதே ஒரு மூடி மருந்து இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள்.

படி 3: இபுப்ரோஃபென் குடும்பத்தைத் தனியே குறியுங்கள்

இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன், அசிக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவை ஒரே குடும்பம். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் சுரப்பதைத் தடுத்து இவை வலியைக் குறைக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் காட்டிய பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வலி போகும்போது அந்தக் காவலும் சேர்ந்து போகிறது.

“சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது” என்பார்கள். நெஞ்சு கரிப்பது குறையலாம். புண் வராது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. மருந்து இரத்தத்தின் வழியாகவும் இரைப்பையைத் தாக்குகிறது. ஊசியாகப் போட்டாலும் அப்படித்தான்.

இதயத்துக்கும் ஆபத்து உண்டு. இந்த வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

குடற்புண், சிறுநீரக நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், இரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் இவற்றைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. இந்தக் குடும்பத்தில் இரண்டை ஒன்றாகப் போடுவதும் தவறு. டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், இரத்தக்கசிவு கூடும் என்பதால், இவற்றைத் தொடவே வேண்டாம். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

படி 4: மருத்துவர் யாருக்கு எழுதினாரோ அந்த மாத்திரை அவருக்கு மட்டும்

டிரமடால், கோடீன் போன்றவை ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்துகள். தூக்கக் கலக்கமும் மலச்சிக்கலும் தருபவை. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். கோடீன் உடலுக்குள் போய் மார்ஃபினாக மாறுகிறது. சிலரது உடல் இதை மிக வேகமாகச் செய்துவிடுவதால், வழக்கமான அளவே அவர்களுக்கு அதிகமாகிவிடும். யாருடைய உடல் அப்படிப்பட்டது என்பது வெளியே தெரியாது. 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வலி நிவாரணியாக டிரமடால், கோடீன் இரண்டையும் கொடுக்கக் கூடாது என்று சொன்னது. மீந்த மாத்திரையை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது உதவியாகத் தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். பல வாரங்கள் எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவர் சொல்படி குறைத்துக்கொண்டே வாருங்கள்.

படி 5: நாட்காட்டியில் குறியிடுங்கள்

தலைவலிக்கு மாத்திரை போடும் ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை மாதத்தில் 15 நாளை எட்டி, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். ஓபியாய்டு அல்லது பல வலி மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும்.

படி 6: உடனே கிளம்ப வேண்டிய நேரம்

மலம் தார்போலக் கறுத்துப் போவது, இரத்த வாந்தி, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாத தூக்கம்: இவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காதீர்கள்.

பாராசிட்டமால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார். கல்லீரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சுமுறிவு மருந்து எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் மிக நன்றாக வேலை செய்யும். போகும்போது காலி அட்டைகளையும், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.