ஓடாத வண்டியைப் புதுவண்டி ஆக்காதீர்கள்: பழைய 100 சிசி சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சிறு மோட்டார் சைக்கிள்களைச் சேகரிக்கத் தொடங்கும் இளைஞர்கள் படம் அனுப்பி விலை கேட்கும்போது, ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். பேரம் பேசுவது, பகல் வெளிச்சத்தில் பார்ப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன். யமஹா ஆர்எக்ஸ்100, இண்ட்-சுசூகி ஏஎக்ஸ்100, கவாசாகி பஜாஜ் கேபி100, அந்நாளைய என்ஃபீல்டு டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் ஆகியவற்றில், அதிகம் ஓடாமல் வீட்டோடு நின்றுவிட்ட ஒன்று கையில் கிடைக்கும்போது நேரும் தவறுகளே இவை.

மீட்டரை நம்புவது

இவ்வண்டிகளின் கிலோமீட்டர் மீட்டர் ஒரு கேபிளால் இயங்குகிறது. கேபிள் அறுந்தால் மீட்டர் நின்றுவிடும், வண்டி நிற்காது. வேறொரு வண்டியின் மீட்டரைக் கழற்றி மாட்டுவதற்கும் அதிக நேரம் ஆகாது. ஆகவே மீட்டரில் 4,000 என்று இருந்தால், அது விற்பவரின் வாய்ச்சொல்லுக்குச் சமம். பிரேக் டிரம்மைத் திறந்து, லைனிங் உரசும் பரப்பின் ஓரத்தில் விளிம்பு எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, பிரேக் பெடலில் கால் படும் இடம் வழவழப்பாகியிருக்கிறதா, சாவித் துளை தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பரை யாரும் மாற்றிவிடலாம். ஆனால் எல்லாத் தேய்மானத்தையும் ஒருசேர மறைப்பது கடினம்.

புதுப்பித்துவிடுவது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில், வாங்கியவர் வெளிநாடு போய்விட்டதால் முகப்பிலேயே துணி போர்த்தி நின்ற மயில்நீல ஆர்எக்ஸ்100 ஒன்று இருந்தது. கம்பெனி பெயின்ட், கம்பெனி ஸ்டிக்கர், வாங்கிய நாளில் இருந்த டயர் என எல்லாம் அப்படியே இருந்தன. அதை வாங்கிய இளைஞர், "அண்ணே, ரெடி பண்ணிட்டுக் கூப்பிடுறேன், வந்து பாருங்க" என்றார். நான் போவதற்குள் டேங்கும் பக்கப் பலகைகளும் பெயின்ட் கடைக்குப் போய் வந்திருந்தன. வார்ப்பின் சொரசொரப்போடு இருந்த கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு), மணல் வீச்சும் பஃபிங்கும் முடிந்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்திருந்தார்கள். பழைய போல்ட்டுகள், டயர்கள், கேபிள்கள் எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர், ரீஸ்டோர் செய்த எந்த ஆர்எக்ஸ்100க்கும் கிடைக்கும் விலையைத்தான் கேட்டார். இளைஞர் மீட்டரைக் காட்டினார். அது உண்மையையே சொன்னது. ஆனால் அதை நம்புவதற்கான ஒரு காரணமும் வண்டியில் மீதமில்லை. கல்வெட்டுள்ள கோயில் சுவரை மணல் வீசிச் சுத்தம் செய்தவர்களுக்குக் கிடைத்ததும் இதே பளபளப்புதான்.

ஓடாத வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் அதன் அழகுக்காகக் கொடுப்பதில்லை. ஓடவில்லை என்பதற்கு வண்டியே தரும் சாட்சிக்காகக் கொடுக்கிறார். சீட்டுக்கு அடியில் கம்பெனி பெயின்ட் எப்படி மெலிதாக விழுந்திருக்கிறது, போல்ட்டுத் தலையில் ஸ்பானர் பட்ட தடம் உண்டா, ரிம்மிலும் கார்புரேட்டரிலும் தயாரித்தவரின் முத்திரை இருக்கிறதா என்பவைதான் அந்தச் சாட்சி. டேங்கின் ஓரத்தில் இருக்கும் சிறு கீறலுக்குப் பெயின்ட் அடித்தால் கீறலோடு சாட்சியும் போய்விடுகிறது. தடித்த பவுடர் கோட்டிங் சேஸிஸ் எண்ணின் குழிகளை நிரப்பிவிட்டால், ஆர்டிஓ அலுவலகத்துக்குப் பென்சில் பிரின்ட் (எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படி) எடுக்கும்போது எண் தெளிவாகப் பதியாது. யாரோ எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

ஓட்டுவதற்குத் தேவையானதைச் செய்யத்தான் வேண்டும். டேங்கின் உட்புறத் துருவை நீக்கலாம்; சீல், கேபிள், டயர் எல்லாவற்றையும் மாற்றலாம். கழற்றியதை மட்டும் பெயர் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். வெளிப்புறத்துக்கு மிதமான சோப்பும் மெழுகும் போதும். ஏற்கெனவே பெயின்ட் மாறிய, நன்றாக ஓடித் தேய்ந்த வண்டியைத் தாராளமாகப் புதுப்பியுங்கள். அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

நின்ற வண்டியை வந்தவுடன் உதைப்பது

ஓடாத டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் முதலில் கெடுபவை கிராங்க் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள். மேக்னெட்டோ (மின்சாரம் உண்டாக்கும் பாகம்) பக்கத்துச் சீல் இறுகிவிட்டால் அவ்வழியே காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்துவிடும். எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மறுபக்கத்துச் சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி வெண்புகை கக்கும். பேரிங்குகளில் துரு இருக்கவும் வாய்ப்புண்டு. வண்டியைக் கொடுப்பவர் எதிரிலேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்வது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது.

அரிய வண்டிக்கெல்லாம் விலை உண்டு என்று எண்ணுவது

1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ்100 அரிய வண்டியே அல்ல. அதைத் தேடுபவர்கள் அதிகம், அவ்வளவுதான். ஜெர்மனியின் சுண்டாப் வடிவமைப்பில் வந்த என்ஃபீல்டு ஃபியூரி 175 உண்மையில் அரிது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும், ஸ்லீவ் எனும் உள்குழாய் இல்லாமல் உட்புறம் குரோமியம் பூசிய சிலிண்டரும் அதில் இருந்தன. அந்தச் சிலிண்டர் கெட்டுவிட்டால், போர் எடுத்து, அதாவது உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடும் வழக்கமான வழி அதற்குப் பொருந்தாது. சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை முழுவதும் தேடினாலும் மாற்றுச் சிலிண்டர் அகப்படுவது அதிர்ஷ்டம். ஆகவே முழுமையான ஃபியூரிக்கும் குறையுள்ள ஃபியூரிக்கும் இடையிலான விலை வேறுபாடு, ஆர்எக்ஸ்100இல் இருப்பதைவிட மிகப் பெரியது.

வின்டேஜ் என்று சொல்லி விற்பதை ஏற்பது

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து மூல நிலையில் இருக்கும் வண்டிதான் வின்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். 1980களின் எந்த வண்டியும் இன்னும் அந்த வயதை எட்டவில்லை.

விளம்பர விலையைச் சந்தை விலையாகக் கொள்வது

அது கேட்கும் விலை. பல மாதங்களாக அதே வண்டி அதே விலையில் நின்றுகொண்டிருப்பதையும் கவனியுங்கள்.

ஆர்.சி. இல்லாமல் வாங்குவது

வாங்காதீர்கள்.

டூல் கிட்டையும் இரண்டாம் சாவியையும் கேட்க மறப்பது

பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கொடுத்த பிறகு உங்களுக்காக யாரும் பரணில் ஏறித் தேட மாட்டார்கள்.